ராம்சேஸின் மூக்கில் மிளகு

தை, மாசி மாதங்களில் கம்பத்திலிருந்து குமுளிக்குப் பஸ் ஏறிச் சென்று பாருங்கள். லோயர் கேம்ப்பைத் தாண்டி மலைப்பாதையின் வளைவுகளில் ஏறும்போதே காற்று குளிர்ந்துவிடும். மேலே இறங்கி நடந்தால், வீட்டு முற்றங்களிலும் மாடிகளிலும் பாயை விரித்து மிளகைக் காயப்போட்டிருப்பார்கள். கொடியிலிருந்து பறித்த பச்சை மணி, வெயிலில் சுருங்கிக் கறுத்து, தோலில் வரிவரியாக மடிப்பு விழுந்து, நமக்குத் தெரிந்த மிளகாக மாறுகிறது. விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இது அன்றாடக் காட்சி.

இத்தகைய மிளகு மணிகள், ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன் இறந்த எகிப்து மன்னர் ஒருவரின் மூக்கினுள் இருந்தன என்றால் நம்புவீர்களா?

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். கதிரியக்கப் பாடத்தின் நடுவே, மாணவர்கள் சோர்ந்திருந்த ஒரு பிற்பகலில், இச்செய்தியைச் சொன்னேன். மலையில் மிளகுக் கொடி வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, "சார், அது நம்ம மலை மிளகா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் "ஆமாம்" என்றேன். வகுப்பே கைதட்டியது. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறுத்தத் தொடங்கியது. எந்த ஆதாரத்தைக் கொண்டு நான் ஆமாம் என்றேன்? அவருக்கு நான் தந்திருக்க வேண்டிய விடைதான் இக்கட்டுரை.

அந்த மன்னர் இரண்டாம் ராம்சேஸ். 66 ஆண்டுகள் ஆண்டு, கி.மு. 1213 அளவில், 90 வயதை ஒட்டி இறந்தார். எகிப்தியர் வழக்கப்படி அவருடைய உள்ளுறுப்புகள் அகற்றப்பட்டன. நேட்ரான் என்னும் இயற்கை உப்பினால் உடலின் ஈரம் உறிஞ்சி எடுக்கப்பட்டது. பிறகு துணிச்சுற்று. நாம் கருவாடு போடும் முறைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: ஈரம் இல்லாத இடத்தில் பாக்டீரியா வாழாது.

மன்னரை அரசர்களின் பள்ளத்தாக்கில் குடைந்த கல்லறையில் வைத்தார்கள். ஆனால் அவர் அங்கே நெடுங்காலம் இருக்கவில்லை. நாடு சீர்குலைந்த காலத்தில் திருடர்கள் கல்லறைகளைச் சூறையாடினார்கள். அரச உடல்களைக் காப்பாற்றக் கோயில் குருமார்கள் அவற்றை இடம் மாற்றி இடம் மாற்றி, இறுதியில் தெயிர் எல் பஹாரி என்ற இடத்தில் ஒரு பாறைக் குழிக்குள் ஒன்றாகச் சேர்த்து ஒளித்துவைத்தார்கள். யாருடைய உடல் எது என்பதைத் துணியின் மேலும் பெட்டியின் மேலும் மையினால் எழுதினார்கள். இந்த மைக்குறிப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும்.

அப்துல் ரசூல் என்னும் உள்ளூர்க் குடும்பத்தார் அந்தக் குழியைக் கண்டுபிடித்து, சில ஆண்டுகள் இரகசியமாகப் பொருள்களை எடுத்து விற்றுவந்தனர். 1881இல் விஷயம் வெளிப்பட்டது. எமில் புருக்ஷ் என்ற அதிகாரி உள்ளே இறங்கி, நாற்பதுக்கு மேற்பட்ட உடல்களை அவசரம் அவசரமாக வெளியேற்றிக் கப்பலில் கெய்ரோவுக்கு அனுப்பினார். கப்பல் நைல் நதியில் சென்றபோது கரையோரக் கிராமத்துப் பெண்கள் தலைவிரி கோலமாக ஓடிவந்து ஒப்பாரி வைத்தார்களாம். கெய்ரோவில் சுங்கச் சாவடியார் எந்த வகையில் வரி போடுவது என்று தெரியாமல், உலர்ந்த மீன் என்று எழுதிக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. கருவாட்டு உவமை என்னுடையது மட்டுமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்!

1886இல் மாஸ்பெரோ என்ற பிரெஞ்சு அறிஞர் ராம்சேஸின் துணிச்சுற்றை அவிழ்த்தார். தொண்ணூறு ஆண்டுகள் பொருட்காட்சிசாலையில் கிடந்த பின், அவ்வுடலில் பூஞ்சை பிடித்திருப்பது தெரியவந்தது. 1976 செப்டம்பரில் மருத்துவத்துக்காக மன்னர் விமானத்தில் பாரிசுக்குச் சென்றார். அரசு மரியாதையுடன் வரவேற்பு நடந்தது. (அவருக்கு வழங்கிய பாஸ்போர்ட் என்று ஒரு படம் இன்று எங்கும் உலவுகிறது. அது பிற்காலத்தில் ஓவியர் ஒருவர் கற்பனையாக அமைத்தது.)

பூஞ்சையை எப்படி அழிப்பது? வெப்பம் தோலையும் முடியையும் கெடுக்கும். இரசாயனம் கறையை உண்டாக்கலாம். எனவே கோபால்ட்–60 தனிமத்திலிருந்து வரும் காமாக் கதிர்களைப் பயன்படுத்தினர். அவை மூடிய பெட்டியையும் ஊடுருவிச் சென்று பூஞ்சையின் உயிர்மூலக்கூறுகளைச் சிதைக்கும். "அப்படியானால் அந்த உடல் கதிரியக்கம் உடையதாகிவிடாதா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆகாது. விளக்கொளி பட்ட சுவர், விளக்கை அணைத்தபின் ஒளிர்வதில்லையே! 1977 மே மாதம் மன்னர் ஊர் திரும்பினார்.

பாரிசில் இருந்தபோது எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களில்தான் மூக்கினுள் சிறு மணிகள் தெரிந்தன. அவை மிளகு என்று ஆய்வாளர்கள் அறிந்தனர். கூடவே ஒரு சிறு விலங்கின் எலும்புத் துண்டும் இருந்தது. ஏன்? எகிப்தியர் மூளையை மூக்கின் வழியாகவே வெளியே எடுப்பார்கள். அதனால் மூக்கு உள்ளே தளர்ந்து, துணிச்சுற்றின் அழுத்தத்தில் தட்டையாகிவிடும். ராம்சேஸுக்கோ கழுகு போல வளைந்த எடுப்பான மூக்கு. அது அமுங்காதிருக்க எலும்பால் முட்டுக் கொடுத்து, மிளகை அடைத்திருக்கிறார்கள். இன்றும் அந்த மூக்கு நிமிர்ந்தே நிற்கிறது.

எக்ஸ் கதிர் எப்படி இதைக் காட்டியது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். ஒரு பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ, அதன் அணு எண் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு எக்ஸ் கதிரை அது தடுக்கும். எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20. தசையிலும் துணியிலும் உள்ள கார்பனுக்கு 6, ஆக்சிஜனுக்கு 8. ஆகவே, துணியை அவிழ்க்காமலே எலும்பைக் காணலாம். ரான்ட்ஜன் 1895இல் இக்கதிரைக் கண்டுபிடித்த மறு ஆண்டிலேயே ஜெர்மனியில் ஒரு மம்மியைப் படம் எடுத்துவிட்டார்கள். 1903இல் நான்காம் தட்மோஸ் மன்னரின் உடலை எலியட் சிமித்தும், பிற்பாடு டூட்டன்காமன் கல்லறையால் புகழ்பெற்ற ஹாவர்ட் கார்ட்டரும், ஒரு வாடகைக் குதிரை வண்டியில் ஏற்றிக் கெய்ரோவில் எக்ஸ் கதிர்க் கருவி இருந்த மருத்துவ விடுதிக்குக் கொண்டுசென்றார்கள். வண்டிக்காரன் என்ன நினைத்தானோ!

ஆனால் எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழல்தான். விளக்கின் முன்னால் ஒரு கையையும் அதன் பின்னால் ஒரு செம்பையும் பிடித்தால், சுவரில் இரண்டு நிழல்களும் ஒன்றாகிவிடுகின்றன அல்லவா? இந்தக் குழப்பம் பெரிய தவறுகளுக்கும் வழிவகுத்தது. டூட்டன்காமனின் மண்டையோட்டை 1968இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் படமெடுத்தபோது, உள்ளே ஓர் எலும்புத் துணுக்கு தெரிந்தது. உடனே "இளம் மன்னனைப் பின்மண்டையில் அடித்துக் கொன்றார்கள்" என்ற கதை உலகெங்கும் பரவிவிட்டது. 2005 ஜனவரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அது வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கிப் பார்ப்பது போல, உடலை அறுக்காமலே அடுக்கடுக்காகக் காட்டும். சுமார் 1,700 படங்கள். கொலை அடியின் தடயமே இல்லை. அந்தத் துணுக்கு இறந்த பிறகு உடைந்தது. ராம்சேஸுக்கும் இதே போல நடந்தது. அவருக்கு முதுகெலும்பு இறுகிப்போகும் ஒருவகை மூட்டுநோய் என்று பழைய படங்களைப் பார்த்தவர்கள் எழுதினார்கள். 2014இல் வெளியான சி.டி. ஆய்வு அதை மறுத்து, முதுமையில் தசைநார்களில் சுண்ணம் படியும் வேறொரு மாற்றமே அது என்றது.

மைக்குறிப்புகளுக்கு வருவோம். குருமார்கள் எழுதிவைத்த பெயர்கள் எல்லாம் சரியா? முதலாம் தட்மோஸ் என்று நெடுநாள் கருதிய ஓர் உடலை எக்ஸ் கதிரில் பார்த்தபோது, எலும்பு முனைகள் முழுதும் கூடாத இளைஞனின் உடலாக அது தெரிந்தது. வரலாற்றுத் தட்மோஸ் அந்த வயதில் இறந்திருக்க முடியாது. பெயர் ஒருவருடையது, உடல் மற்றொருவருடையது! இதற்கு நேர்மாறாக, எழுத்தும் உடலும் அழகாகப் பொருந்தியதும் உண்டு. மூன்றாம் ராம்சேஸைக் கொல்ல அந்தப்புரத்தில் சதி நடந்ததாகவும், சதிகாரர்களை விசாரித்ததாகவும் ஒரு பாப்பிரஸ் சுவடி கூறுகிறது. சதி வென்றதா என்று நூறாண்டுக்கு மேல் வாதம் நடந்தது. 2012இல் சி.டி. படம், கழுத்துத் துணிக்குக் கீழே தொண்டை ஆழமாக வெட்டுப்பட்டிருப்பதைக் காட்டியது. துணிச்சுற்றை எவரும் தொடவில்லை.

இப்போது மாணவரின் கேள்வி. அந்த மிளகு நம்முடையதா?

முதலில் ஓர் எச்சரிக்கை. அதே பாரிஸ் ஆய்வில் ராம்சேஸின் வயிற்றுக் குழியில் புகையிலைத் துணுக்குகளும் கிடைத்தன. புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பசுக்கு முன் அது எகிப்துக்கு வந்திருக்க வழியில்லை. 19ஆம் நூற்றாண்டில் உடலைத் திறந்துவைத்திருந்தபோது, பூச்சி அரிக்காதிருக்கத் தூவியதோ, பார்த்தவர்களின் பையிலிருந்து விழுந்ததோ என்பதே பெரும்பாலோர் முடிவு. அப்படியானால் மிளகும் அப்படி வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்க வேண்டும், கேட்பது நியாயம். நான் இரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. புகையிலை திறந்துகிடந்த வயிற்றில் இருந்தது. மிளகோ மூக்கின் உள்ளே, முட்டுக் கொடுத்த எலும்போடு, ஒரு வேலைக்காக வைக்கப்பட்டிருந்தது. அது உடலைப் பதனிட்டவர் கைவேலை.

மிளகுக் கொடியின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி. ஆகவே அந்த மணிகள் இந்த மலைத்தொடரிலிருந்து சென்றவை என்று சொல்ல வலுவான காரணம் உண்டு. ஆனால் இந்தத் தொடர் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளம். குமுளி மலையா, வயநாடா, குடகா? ஒரு செடி தான் வேரூன்றிய பாறையின் ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு விகிதத்தைத் தன்னுள் ஏந்தியிருக்கும். தத்துவ அளவில் அதை அளந்து மண்ணை அடையாளம் காணலாம். அத்தகைய சோதனை இல்லாமல் "நம் மலை" என்று நான் சொன்னது அவசரம்.

அதைவிடப் பெரிய அவசரம் ஒன்றை விழா மேடைகளில் கேட்கிறேன்: பாண்டியர் கப்பல்கள் பாரோக்களுக்கு மிளகு ஏற்றிச் சென்றன என்று. ஆண்டுகளை வைத்துப் பாருங்கள். எகிப்தில் தமிழர் கைப்பட எழுதிய எழுத்து கிடைத்திருப்பது உண்மை. செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகத்தில் 1995இல் கிடைத்த சாடி ஓட்டில் கொற்றன் என்பது போன்ற தமிழ்ப் பெயர் பிராமி எழுத்தில் உள்ளது. குசேர் அல் கதீம் துறையில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்களும், பானை உறி என்று ஐராவதம் மகாதேவன் படித்த ஓடும் கிடைத்தன. நம் பாட்டிமார் மோர்ப்பானையைத் தொங்கவிட்ட அதே உறி! பெரெனிகேயின் கோயில் தரையில் புதைத்திருந்த, இந்தியாவில் வனைந்த ஒரு பெரிய சாடியில் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. ஆனால் இவையெல்லாம் ரோமானியர் காலத்தை ஒட்டியவை. ராம்சேஸுக்கும் இவற்றுக்கும் இடையே பன்னிரண்டு நூற்றாண்டுகள். தமிழ் எழுத்தே தோன்றாத காலத்தில், கரையோரமாகக் கைமாறிக் கைமாறி, இடையில் எத்தனையோ வணிகர்களைக் கடந்து சில மணிகள் நைல் வரை போயிருக்கலாம். பறித்தவர் அது எங்கே போகிறது என்று அறிந்திருக்கமாட்டார். எனக்கு அந்த அறியாத கைகள்தாம் எந்தக் கப்பலையும்விட வியப்பாக இருக்கின்றன.

அந்தக் கைகள் யாருடையவை? ராம்சேஸ் காலத்தில் தென்னகத்தில் வாழ்ந்தவர் யார்? இதற்கு விடை தேட உதவும் கடிகாரத்தைச் சரிபார்த்ததும் எகிப்து மன்னர்கள்தாம். உயிருள்ளவை மூச்சாலும் உணவாலும் கார்பன்–14ஐ ஏற்கின்றன. இறந்தபின் அது சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகத் தேய்கிறது. இதைக் கடிகாரமாக்கிய லிபி என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1949இல் ஜோசர், ஸ்னெஃபெரு ஆகிய மன்னர்களின் கல்லறை மரத்துண்டுகளை அளந்து பார்த்தார். வயது ஏற்கெனவே தெரிந்த பொருளில் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பதற்காகத்தான். ராம்சேஸ் காலத்துப் பொருளில் இன்று 68 விழுக்காடு கார்பன்–14 எஞ்சியிருக்கும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதே கடிகாரத்தை நம் நெல்லுக்கும் வைத்தார்கள். பழனி மலையடிவாரத்தில் பொருந்தல் கல்லறையில் ஜாடிக்குள் இருந்த நெல்லுக்குக் கி.மு. 490 என்று காலம் கிடைத்தது. பொருநைக் கரையில் சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் உமிக்குக் கி.மு. 1155. தொண்டை வெட்டுப்பட்ட மூன்றாம் ராம்சேஸ் இறந்ததும் ஏறத்தாழ அதே ஆண்டுதான்! கார்பன் கணிப்பில் ஆண்டு துல்லியமாக அமையாது என்றாலும், அங்கே மன்னரைத் துணியில் சுற்றிய தலைமுறையில், இங்கே ஒருவர் தாழிக்குள் நெல்லிட்டிருக்கிறார் என்று சொல்ல அது போதும்.

எகிப்தில் உடலும் உண்டு, பெயரும் உண்டு. இரண்டும் பொருந்துமா என்பதே வழக்கு. நம் பக்கம் நிலைமை வேறு. 2006இல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை அவை. இந்தியாவிலேயே மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்களுள் அடங்கும். ஒன்றில் தீயன் அந்தவன் என்ற பெயர் இருக்கிறது. கூடல் ஊரில் நடந்த ஆநிரை கவரும் பூசலில் இறந்தவர். நம் பள்ளத்தாக்கின் தலைமாட்டிலும் ஒரு கூடலூர் இருக்கிறது. அது இதுதானோ என்று எண்ண இடமுண்டு. மன்னரல்லாத ஒருவருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. உடல்தான் இல்லை. கல் கிடைத்த இடம் சிதைந்துபோன ஈமக்காடு.

அதே வைகை கீழே ஓடிச் சென்று கீழடிப் பக்கம் கொந்தகையை அடைகிறது. அங்கே தாழிகளில் எலும்பும் பல்லும் உண்டு. பெயர் இல்லை. நம் வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ. மூலக்கூற்றை எளிதில் துண்டாக்கிவிடுவதால், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடக்கும் மரபணு ஆய்வு பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆயினும் கொந்தகையின் இரண்டு மண்டையோடுகளிலிருந்து, இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் இரண்டு ஆண்களின் முகங்களைக் கணினியில் மீட்டெடுத்தார்கள்; 2025இல் அவை வெளியாயின.

அதே 2025இல், அதே பல்கலைக்கழகம் பங்குபெற்ற மற்றோர் ஆய்வு எகிப்திலிருந்து வந்தது. பண்டைய எகிப்தியர் ஒருவரின் முழு மரபணுத் தொகுதியை முதன்முறையாகப் படித்துவிட்டார்கள். அவர் எந்தப் பாரோவும் அல்லர். 2010இல் அரச மம்மிகளின் டி.என்.ஏ.யைப் படித்து டூட்டன்காமனின் பெற்றோரைக் குறித்தபோது, அத்தனை வெப்பத்தில் மூலக்கூறு எஞ்சியிருக்குமா, இது மாசுதானோ என்று பலர் ஐயுற்றார்கள். நுவைராத் என்ற ஊரில் கிடைத்த இந்த எளிய மனிதரோ கி.மு. 2855க்கும் 2570க்கும் இடைப்பட்டவர். பாறைக் குழியில் ஒரு பெரிய மண்பானைக்குள் வைத்துப் புதைக்கப்பட்டிருந்தார். அவருடைய பல்லில் டி.என்.ஏ. நன்றாகவே இருந்தது. எலும்புகளில் கடும் உழைப்பின் தேய்மானம். குயவராக இருந்திருக்கலாம் என்கிறார்கள். மருந்திட்டுத் துணி சுற்றித் தங்கத்தில் வைத்த மன்னர்களைவிட, பானையில் வைத்த உழைப்பாளியே தம் மரபை முழுதாகக் காத்திருக்கிறார்.

இதைப் படித்த அன்று எனக்கு நம் பக்கத்துத் தாழிகள்தாம் நினைவுக்கு வந்தன. வரப்பு வெட்டும்போதும் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டும்போதும் தாழியின் விளிம்பு தட்டுப்படுகிறது. "பழைய பானை" என்று உடைத்து ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே பல் இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. ஒருமுறை நானே, சிறுவயதில், தாழி ஓடுகளை எடுத்துக் குளத்தில் சில்லி விட்டிருக்கிறேன்.

அடுத்த வகுப்பில் மாணவரிடம் என் "ஆமாம்" தவறு என்று ஒப்புக்கொண்டேன். இந்த மலைத்தொடர் என்று சொல்லலாம், இந்த மலை என்று சொல்ல முடியாது, யார் கொண்டுபோனார்கள் என்று சொல்லவே முடியாது என்றேன். அவருக்குச் சற்று ஏமாற்றந்தான். ஆனால் மறுவாரம் ஒரு பிடி மிளகைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். "எக்ஸ் ரே எடுத்தா இது எப்படித் தெரியும் சார்?"

பல் மருத்துவ நண்பர் ஒருவரைப் பிடித்தோம். அவர் சிரித்துக்கொண்டே நாலு மணிகளைப் படமெடுத்துத் தந்தார். வெளித்தோலின் மடிப்புகள் எல்லாம் மங்கிப் போய், வெளிறிய சிறு வட்டங்களாக நான்கும் தெரிந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பாக ஒரு புள்ளி. மிளகின் உள்ளே சிறு வெற்றிடம் இருப்பது, பிறந்தது முதல் ரசத்தில் மிளகு கடித்த எங்கள் இருவருக்குமே அன்றுதான் தெரிந்தது.